நாற்பதில் நர்சிங் படிக்கப் போகிறவர்களுக்கு: சேரும் முன் செய்ய வேண்டியவை, முழுமையான வழிகாட்டி

என் முதல் கிளினிக்கல் போஸ்டிங்குக்கான, அதாவது மருத்துவமனை வார்டில் நின்று செய்யும் பயிற்சிக்கான, டியூட்டி சார்ட் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கைக்கு வந்தது. திங்கட்கிழமை காலை 7 மணிக்கு வார்டில் நிற்க வேண்டும். மொத்தம் ஆறு வாரம். அதில் இரண்டு வாரம் மதிய ஷிஃப்ட், கடைசி வாரம் நைட். அப்போது எனக்கு வயது 41. வீட்டில் ஒன்பது வயதிலும் பன்னிரண்டு வயதிலுமாக இரண்டு பிள்ளைகள், மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருக்கும் கணவர், முழங்கால் வலியோடு அம்மா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பத்தொன்பது வயதுப் பெண் சார்ட்டை மொபைலில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வீடு வந்து சேரும்வரை யாரிடம் என்ன கேட்பது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

இந்த வயதில் படிக்கப் போகிறேன் என்று என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இனிமே மண்டையில ஏறுமாக்கா?" ஏறும். எங்கள் வகுப்பில் முப்பதைத் தாண்டியவர்கள் ஏழு பேர். மூன்று பேர் பாதியில் நின்றார்கள். ஒருவர்கூடப் பாடம் புரியாமல் நிற்கவில்லை. போஸ்டிங் வாரங்களில் வீடு தாங்கவில்லை, அல்லது பணம் தாங்கவில்லை, அல்லது இடுப்பு தாங்கவில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் உடற்கூறியலைவிட டியூட்டி சார்ட்டைப் பற்றி அதிகம் பேசப்போகிறேன். சேர்வதற்கு ஒரு வருடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆறே மாதம்தான் இருக்கிறது என்றால் தடுப்பூசியிலிருந்து தொடங்குங்கள். ஏன் என்று கீழே வரும்.

வயதைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். நவீன நர்சிங்குக்கு அடித்தளம் போட்ட ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல், ஜெர்மனியின் கைசர்வெர்த்தில் சில மாதங்கள் பயிற்சி எடுத்தது 1851-ல். அப்போது அவருக்கு வயது 31. லண்டனில் அவர் பெயரில் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது 40. அந்தக் காலக் கணக்கில் அது இளவயது இல்லை.

படி 1: வேலையைக் கிட்டே போய்ப் பாருங்கள்

சேவை மனப்பான்மை இருக்கிறது, அதனால் நர்சிங் படிக்கிறேன் என்பது தப்பில்லை. ஆனால் அது மட்டும் போதாது. நர்ஸ் வேலையில் பாதி எழுத்து வேலை. மீதியில் பெரும்பங்கு இன்னொருவரின் உடம்பு சம்பந்தப்பட்டது: மலம், சிறுநீர், வாந்தி, சீழ், கட்டுப் பிரிக்கும்போது வரும் வாடை. இதற்கு நடுவில்தான் அந்தக் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லும் நிமிடங்கள் வரும். அவை உண்மையானவைதான், ஆனால் எண்ணிக்கையில் குறைவு.

முடிந்தால் முதியோர் இல்லத்திலோ மருத்துவமனையிலோ வீட்டுப் பராமரிப்பிலோ உதவியாளராகச் சில மாதம் வேலை பாருங்கள். சம்பளம் கிடைக்காவிட்டால் தன்னார்வலராகவாவது போங்கள். நான் எட்டு வாரம், சனிக்கிழமைகளில் மட்டும், ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனேன். மூன்றாவது சனிக்கிழமை, பேச்சு இழந்த ஒரு பெரியவருக்கு உடம்பு துடைத்துவிடும்போது, துணியைச் சூடான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து நேராக அவர் முதுகில் வைத்துவிட்டேன். உடம்பு விதிர்த்தது. பக்கத்தில் இருந்த ஆயா ஒன்றும் சொல்லாமல் துணியை வாங்கி, முதலில் தன் முன்கையில் வைத்துப் பார்த்து, பிறகு என் கையில் கொடுத்தார். இன்றுவரை முன்கையில் வைத்துப் பார்க்காமல் நான் யாருக்கும் துடைத்ததில்லை.

வேலையில் இருக்கும் நர்ஸ் ஒருவரைப் பிடித்து அரை மணி நேரம் பேசுங்கள். "உங்களுக்கு வேலை பிடிச்சிருக்கா" என்று கேட்காதீர்கள். "நேத்து டியூட்டில முதல் மணியிலிருந்து கடைசி மணிவரைக்கும் என்னென்ன செஞ்சீங்க" என்று கேளுங்கள்.

படி 2: எந்தப் படிப்பு, எந்த வாசல்

நாட்டுக்கு நாடு பெயர் மாறினாலும் அமைப்பு ஏறக்குறைய இதுதான். ஒன்று, துணை நிலைச் செவிலியர் படிப்பு. காலம் குறைவு, பொறுப்பும் சம்பளமும் குறைவு. இன்னொன்று, பதிவு பெற்ற செவிலியராவதற்கான டிப்ளமோ அல்லது பட்டம். பெரும்பாலும் மூன்று முதல் நான்கு வருடம். ஏற்கெனவே வேறு பட்டம் வைத்திருப்பவர்களுக்குச் சில நாடுகளில் காலம் குறைந்த துரிதப் படிப்பு உண்டு. துரிதம் என்றால் பாடம் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். அதே பாடத்தை மூச்சுவிடாமல் நடத்துவார்கள். குடும்பம் உள்ளவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள். வயது உச்சவரம்பு இருக்கிறதா. பள்ளியில் அறிவியல் படித்திருக்க வேண்டுமா, இல்லையென்றால் இணைப்புப் படிப்பு உண்டா. குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு, உடல் தகுதிச் சான்று, மொழித் தேர்வு ஆகியவை தேவையா. நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: படிப்பு முடிந்ததும் உங்களைச் செவிலியராகப் பதிவு செய்யும் கவுன்சில் அந்தக் கல்லூரியை அங்கீகரித்திருக்கிறதா. கல்லூரி விளம்பரத்தில் தேடாதீர்கள். கவுன்சில் வெளியிடும் பட்டியலில் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பிற்பாடு வேறு நாட்டில் வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால், அந்த நாட்டுக் கவுன்சிலின் நிபந்தனைகளையும் இப்போதே படித்துவிடுங்கள்.

"முழுக்க ஆன்லைனில் நர்சிங்" என்று யாராவது சொன்னால் ஒதுங்குங்கள். தியரியை வீட்டிலிருந்து படிக்கலாம், வார்டை வீட்டிலிருந்து கற்க முடியாது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி பொதுச் செவிலியர் பயிற்சிக்குக் குறைந்தது 4600 மணி நேரம், அதில் பாதியாவது நோயாளிகளோடு. ஆஸ்திரேலியாவில் பட்டப்படிப்புக்குக் குறைந்தபட்சம் 800 மணி நேர கிளினிக்கல். எண்ணிக்கை எப்படி இருந்தாலும் அந்த மணி நேரங்களுக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது, லீவு போட்டால் திரும்பச் செய்து கழிக்க வேண்டும். நீங்கள் சேரப்போகும் படிப்பில் மொத்தம் எத்தனை மணி நேரம், எந்தெந்த மாதங்களில், எவ்வளவு தூரத்தில், எத்தனை நாள் முன்னதாக சார்ட் கொடுப்பார்கள் என்பதைக் கல்லூரியில் நேரடியாகக் கேளுங்கள். கடைசிக் கேள்வியைக் கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள்.

படி 3: பணம்

கட்டணத்தைக் கணக்குப் போடாமல் யாரும் சேர்வதில்லை. கணக்கில் வராமல் போவது மற்றவைதான். போஸ்டிங் வாரங்களில் வராத சம்பளம், யூனிஃபார்ம் குறைந்தது மூன்று செட், நல்ல ஷூ, ஸ்டெதஸ்கோப், தடுப்பூசிகளும் ரத்தப் பரிசோதனைகளும், அதிகாலையிலும் நடுராத்திரியிலும் போய்வரும் செலவு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவருக்கு ஆகும் செலவு, கடைசியில் பதிவுக் கட்டணம், தகுதித் தேர்வுக் கட்டணம்.

நான் பத்தொன்பது வருடம் கணக்கு எழுதும் வேலையில் இருந்தவள். அதனால் இந்த ஒரு விஷயத்தில் என் யோசனையை நம்பலாம். சேர்வதற்கு முன் மூன்று மாதம், படிக்கும் காலத்தில் கைக்கு வரக்கூடிய பணத்தில் மட்டும் வாழ்ந்து பாருங்கள். மீதிச் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்குக்குப் போய்விட வேண்டும். மூன்று மாதத்தில் இரண்டு தெரிந்துவிடும்: எங்கே ஓட்டை இருக்கிறது, குடும்பம் உண்மையிலேயே சம்மதித்திருக்கிறதா. அந்தக் கணக்கில் சேர்ந்த தொகை போஸ்டிங் மாதங்களுக்கானது. அதில் வேறு எதற்கும் கைவைக்கக் கூடாது.

பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாமா? வகுப்பு வாரங்களில் முடியும். போஸ்டிங் வாரங்களில் வாரம் 40 மணி நேரம் வார்டில் நின்றுவிட்டு அதன்மேல் வேலையும் பார்ப்பவர்கள் ஊசி மருந்து எடுக்கும்போது தூங்கி வழிவதைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

படி 4: வீட்டோடு ஒப்பந்தம்

"நீ படி, நாங்க பாத்துக்கறோம்" என்று எல்லோரும் சொல்வார்கள். மனசார சொல்வார்கள். ஆனால் அந்த வாக்கியத்தில் காலை 5.45-க்கு யார் எழுந்திருப்பது என்பது இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் உட்கார வைத்து ஒரு பெரிய தாளில் வாரத்தின் ஏழு நாளையும் கோடு போடுங்கள். காலை ஷிஃப்ட், மதிய ஷிஃப்ட், நைட் என்று மூன்று தாள். ஒவ்வொன்றிலும் நீங்கள் இப்போது செய்கிற வேலைகளை மணிவாரியாக எழுதுங்கள்: எழுப்புவது, சமையல், பள்ளிக்குக் கொண்டுவிடுவது, துணி, வீட்டுப்பாடம், அம்மாவின் மாத்திரை. ஒவ்வொரு வேலைக்கும் எதிரே இரண்டு பெயர். முதல் பெயர் செய்பவர். இரண்டாவது பெயர், முதல் ஆள் வரமுடியாத நாளில் செய்பவர். இரண்டாவது கட்டம் காலியாக இருக்கும் வேலைதான் உங்களைப் படிப்பிலிருந்து இழுக்கப் போகிற வேலை. என் தாளில் அப்படி மூன்று கட்டம் காலியாக இருந்தது. மதிய ஷிஃப்ட் நாட்களில் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும் நேரம் அதில் ஒன்று. அதற்கு எதிர்வீட்டு அக்காவிடம் முன்கூட்டியே பேசி வைத்தேன். கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. அவசரத்தில் ஓடிப்போய்க் கேட்பதைவிட ஆறு மாதம் முன்பு நிதானமாகக் கேட்பது எவ்வளவோ மேல்.

தாளை எழுதினால் மட்டும் போதாது, ஒத்திகை பாருங்கள். ஒரு வாரம் முழுக்க, காலை 6 முதல் மாலை 4 வரை நீங்கள் வீட்டில் இருந்தாலும் இல்லாதது மாதிரி இருக்க வேண்டும். சாக்ஸ் எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது. எனக்கு அது கடினமாக இருந்தது. இரண்டாம் நாளே என் மகன் இரண்டு நிறச் சாக்ஸோடு பள்ளிக்குப் போனான். ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை.

நைட் டியூட்டி முடித்து வந்து பகலில் தூங்குவது தனி விஷயம். ஒரு அறை, இருட்டடிக்கும் திரை, அணைத்து வைத்த அழைப்பு மணி. பகலில் தூங்குபவரைச் சோம்பேறி என்று நினைக்கும் பழக்கம் வீட்டுப் பெரியவர்களுக்கு இருக்கும். அதையும் அந்த ஞாயிற்றுக்கிழமையே பேசித் தீர்த்துவிடுங்கள்.

படி 5: உடம்பு

தடுப்பூசியை ஏன் முதலில் தொடங்கச் சொன்னேன் என்றால், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி தொற்றுக்கான ஊசி வழக்கமாக மூன்று தவணை: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதத்தில் ஒன்று. கடைசி ஊசி போட்டு ஒன்றிலிருந்து இரண்டு மாதத்துக்குள் ரத்தம் எடுத்து எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரத்த ரிப்போர்ட்டில் 10 mIU/mL-ம் அதற்கு மேலும் இருந்தால் பாதுகாப்பு என்பது ஏற்கப்பட்ட அளவு. வயது கூடக் கூட இந்த எதிர்ப்புச் சக்தி வராமல் போகும் வாய்ப்பும் கூடுகிறது. வராவிட்டால் மறுபடி ஒரு சுற்று. ஆக, எல்லாம் சேர்த்து ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். இதுதவிர தட்டம்மை–பொன்னுக்குவீங்கி–ரூபெல்லா, சின்னம்மை, டெட்டனஸ் கலந்த ஊசி, காசநோய்ப் பரிசோதனை என்று பட்டியல் நீளும். சிறுவயதில் போட்ட ஊசிகளுக்கான சீட்டு உங்களிடம் இருக்காது. எங்கள் வகுப்பில் முப்பதைத் தாண்டியவர்கள் ஒருவரிடமும் இல்லை. ரத்தப் பரிசோதனையில் சிலவற்றை நிரூபிக்கலாம், மற்றவற்றை மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது கண். இதை யாரும் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் பத்தொன்பது வயதில் இந்தப் பிரச்சினை இல்லை. ஊசி மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பியான ஆம்பூலின் மேல் அச்சடித்திருக்கும் எழுத்து அரிசி அளவுகூட இருக்காது. அதுவும் வளைந்த கண்ணாடியில், சில சமயம் வெளிர் நிறத்தில். வெள்ளெழுத்து தொடங்கியிருந்தால் சேர்வதற்கு முன்பே கண்ணாடி மாற்றிக்கொள்ளுங்கள். கிட்டத்தில் படிக்கவும் தூரத்தில் மானிட்டரைப் பார்க்கவும் ஒரே கண்ணாடி உதவ வேண்டும். காதையும் பரிசோதித்துவிடுங்கள். ரத்த அழுத்தம் பார்க்கும்போது ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் தட்டல் ஒலிகள், 1905-ல் கொரோட்காஃப் என்ற ரஷ்ய மருத்துவர் விவரித்தவை, மிக மெல்லியவை. எனக்கு முதல் இரண்டு நாள் அவை கேட்கவேயில்லை. ஸ்டெதஸ்கோப்பின் காதுமுனையைத் திருப்பி மாட்டியிருந்தேன் என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. முனைகள் மூக்கின் பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும்.

இடுப்பு, தோள், முழங்கால். நோயாளியைத் தூக்கிவிடுவதில் முதுகைக் கெடுத்துக்கொள்வது இந்தத் தொழிலின் பழைய வியாதி. ஆறு மாதம் முன்பிருந்தே தொடை, வயிறு, முதுகுத் தசைகளுக்கான பயிற்சியை ஆரம்பியுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை நாளுக்கு முப்பது தடவை செய்தாலே வித்தியாசம் தெரியும். சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு என்று ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் நைட் டியூட்டி வாரங்களில் மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்று தங்கள் டாக்டரிடம் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 6: கணக்கு

மருந்தளவுக் கணக்கு. பல கல்லூரிகளில் இதற்குத் தனித் தேர்வு உண்டு, அதில் நூற்றுக்கு நூறு எடுத்தால்தான் வார்டுக்கு அனுப்புவார்கள். நியாயமான விதிதான். தொண்ணூறு எடுத்தவர் பத்தில் ஒரு நோயாளிக்குத் தப்பாகப் போடுகிறார் என்று அர்த்தமாகிவிடும்.

அடிப்படைச் சூத்திரம் ஒன்றே ஒன்று: தேவையான அளவை, கையில் இருக்கும் அளவால் வகுத்து, அது கலந்திருக்கும் மி.லி. அளவால் பெருக்குவது. டாக்டர் 75 மி.கி. எழுதியிருக்கிறார். ஆம்பூலில் 2 மி.லி.க்கு 100 மி.கி. இருக்கிறது. 75 வகுத்தல் 100, பெருக்கல் 2. 1.5 மி.லி. எடுக்க வேண்டும்.

குழந்தை என்றால் எடையும் சேரும். 12 கிலோ குழந்தைக்கு கிலோவுக்கு 15 மி.கி. வீதம் பாராசிட்டமால் எழுதியிருந்தால் மொத்தம் 180 மி.கி. பாட்டிலில் 5 மி.லி.க்கு 120 மி.கி. என்றால் 7.5 மி.லி.

டிரிப்ஸ் கணக்குதான் வார்டில் தினமும் வரும். 1000 மி.லி. திரவம் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும். டிரிப்ஸ் குழாய் செட்டின் உறையில் ஒரு மி.லி.க்கு 20 சொட்டு என்று போட்டிருக்கிறது. 1000 பெருக்கல் 20, வகுத்தல் 480 நிமிடம். 41.67, அதாவது நிமிடத்துக்கு 42 சொட்டு. கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு 15 விநாடிக்குப் பத்துப் பதினொரு சொட்டு விழுகிறதா என்று எண்ணி, குழாயில் இருக்கும் சிறு சக்கரத்தைத் திருக வேண்டும். ஒரு மி.லி.க்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட்டில் ஒரு சௌகரியம் உண்டு: மணிக்கு எத்தனை மி.லி.யோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு.

கணக்கு எழுதியே பிழைத்தவளான நான் முதல் மாதிரித் தேர்வில் தோற்றேன். எங்கே தெரியுமா? மைக்ரோகிராமில். ஒரு மில்லிகிராம் என்பது 1000 மைக்ரோகிராம். வினாவில் மைக்ரோகிராம் கேட்டிருந்தது, ஆம்பூலில் மில்லிகிராம் போட்டிருந்தது. அலகை மாற்றாமல் நேராக வகுத்துவிட்டேன். என் விடைப்படி அந்த நோயாளிக்கு 250 மி.லி. ஊசி போட வேண்டும். விடை வந்ததும் ஒரு நொடி நிமிர்ந்து "250 மி.லி. எந்த சிரிஞ்சில் பிடிக்கும்?" என்று கேட்டிருந்தால் போதும். அதனால் கணக்குப் போடுவதற்கு முன்பே விடை எவ்வளவு வரும் என்று உத்தேசமாக ஊகித்து ஓரத்தில் எழுதுங்கள். ஒரு ஆம்பூலுக்குக் கொஞ்சம் குறைவா, கூடவா? ஊகத்துக்கும் விடைக்கும் தூரம் அதிகம் என்றால் திரும்பப் போடுங்கள்.

எழுதும் முறையையும் இப்போதே பழகுங்கள். புள்ளிக்கு முன் பூஜ்யம் கட்டாயம்: 0.5. புள்ளிக்குப் பின் தேவையில்லாத பூஜ்யம் கூடாது: 5.0 என்று எழுதினால் அவசரத்தில் 50 என்று படிப்பார்கள். தினம் பத்துக் கணக்கு, கால்குலேட்டர் இல்லாமல், மூன்று மாதம். பின்னம், தசமம், விகிதம் மறந்துபோயிருந்தால் பிள்ளைகளின் பாடப்புத்தகத்திலிருந்தே தொடங்கலாம். என் மகள்தான் எனக்கு விடைத்தாள் திருத்தினாள். ரொம்பக் கண்டிப்பு.

படி 7: உயிரியல்

முழுப் புத்தகத்தையும் முன்கூட்டியே படித்து முடிக்கப் பார்க்காதீர்கள். இதயம், நுரையீரல், சிறுநீரகம், உடம்பின் திரவமும் உப்பும். இந்த நான்கு தெளிவாக இருந்தால் முதல் வருடம் பயமுறுத்தாது.

அதற்கு முன் சொற்களின் துண்டுகளைப் படியுங்கள். மருத்துவச் சொற்கள் பெரும்பாலும் கிரேக்க, லத்தீன் துண்டுகளை ஒட்டவைத்தவை. ஹைப்போ என்றால் குறைவு, ஹைப்பர் என்றால் அதிகம், பிராடி மெதுவாக, டாக்கி வேகமாக, ஐட்டிஸ் அழற்சி, எக்டமி அகற்றுவது, ஈமியா ரத்தத்தில், யூரியா சிறுநீரில். ஹைப்போகலீமியா என்ற சொல்லைப் பார்த்து மிரள வேண்டாம். ஹைப்போ, கல், ஈமியா. நடுவில் இருக்கும் 'கல்' பொட்டாசியத்தின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு, அவ்வளவுதான். ஐம்பது அறுபது துண்டு தெரிந்தால் ஆயிரக்கணக்கான சொற்கள் திறந்துகொள்ளும்.

மனப்பாட சக்தியில் இளையவர்களோடு போட்டி போடாதீர்கள். காரணகாரியத்தைப் பிடியுங்கள், அதில் நாம் தேறிவிடுவோம். ஒரு உதாரணம். ஆபரேஷன் முடிந்து நான்கு மணி நேரமான நோயாளி, எடை 60 கிலோ. ரத்த அழுத்தம் 110/70, சரியாகத்தான் இருக்கிறது. பல்ஸ் 118. மூச்சு நிமிடத்துக்கு 26. கடந்த ஒரு மணி நேரத்தில் சிறுநீர் 15 மி.லி. மட்டும். அழுத்தம் நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடலாமா? கூடாது. உள்ளே ரத்தம் கசிந்தால் உடம்பு முதலில் சமாளிக்கும்: இதயம் வேகமாக அடிக்கும், கை கால் ரத்தக்குழாய்கள் சுருங்கும், சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்துவைக்கும். இவ்வளவும் செய்து அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். அழுத்தம் விழுவது கடைசியில், சமாளிக்க முடியாமல் போகும்போது. பெரியவர்களுக்குக் கிலோவுக்கு மணிக்கு அரை மி.லி. சிறுநீராவது இறங்க வேண்டும். இவருக்கு 30 மி.லி. இறங்கியிருக்க வேண்டும். பாதிதான் இறங்கியிருக்கிறது. உடனே சொல்ல வேண்டிய நோயாளி இவர். இந்த மாதிரி ஒரு கதையாகப் பிடித்துக்கொண்டால் சிறுநீரகம், இதயம், ரத்தக்குழாய் மூன்றும் ஒன்றாகப் புரியும்.

படிக்கும் முறை: படித்ததைத் திரும்பத் திரும்பப் படிப்பது வீண். புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளில் நினைவிலிருந்து எழுதுங்கள், பிறகு திறந்து சரிபாருங்கள். நாளை ஒரு தடவை, நான்கு நாள் கழித்து, இரண்டு வாரம் கழித்து. 1885-லேயே எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்துப் பார்த்து, மறதி முதல் நாளில்தான் வேகமாக நடக்கிறது என்று காட்டினார். இருபது நிமிடம் கிடைத்தால் இருபது நிமிடம். மூன்று மணி நேரம் ஓய்வாகக் கிடைக்கும் என்று காத்திருந்தால் அது கிடைக்காது.

கட்டுரை எழுதுவது, மேற்கோள் காட்டும் முறை, டைப்பிங் ஆகியவற்றைக் கல்லூரி நூலகத்தில் சொல்லித்தருவார்கள். சொந்தமாக இரண்டு பக்கம் டைப் செய்யப் பழகியிருந்தால் இப்போதைக்குப் போதும்.

படி 8: வீட்டிலேயே பழகக்கூடியவை

பல்ஸ் எண்ணுங்கள். மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம், உங்கள் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வைத்து. கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதற்கே துடிப்பு உண்டு. முழு ஒரு நிமிடம். பிறகு விரலை எடுக்காமல், பல்ஸ் பார்ப்பது போலவே வைத்துக்கொண்டு, மார்பின் ஏற்ற இறக்கத்தை இன்னொரு நிமிடம் எண்ணுங்கள். மூச்சை எண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டால் மூச்சு மாறிவிடும். பெரியவர்களுக்கு வழக்கம் 12 முதல் 20. வீட்டில் எல்லோரையும் எண்ணி எழுதி வையுங்கள். தூங்கும்போது ஒரு தடவை, மாடிப்படி ஏறியதும் ஒரு தடவை.

கை கழுவுவது: சோப்பு என்றால் 40 முதல் 60 விநாடி, ஆல்கஹால் கலந்த கைத்திரவம் தேய்ப்பது என்றால் 20 முதல் 30 விநாடி என்கிறது உலக சுகாதார நிறுவனம். கட்டைவிரலும் விரல் நுனிகளும்தான் எல்லோரும் விட்டுவிடுகிற இடம். மோதிரம் கழற்றும் பழக்கமும் நகம் ஒட்ட வெட்டும் பழக்கமும் இப்போதே வரட்டும்.

இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தி மூச்சு கொடுக்கும் முதலுதவியான சிபிஆர் வகுப்பு ஒன்றில் சேருங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாமல் 6-ஐத் தாண்டாமல், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. படித்தால் சுலபமாகத் தெரியும். பொம்மையின் மேல் இரண்டு நிமிடம் செய்து பாருங்கள், கை நடுங்கும்.

படி 9: மறுபடி கடைக்குட்டியாவது

பாட்ரீசியா பென்னர் என்ற செவிலிய ஆய்வாளர் 1984-ல் ஒன்று சொன்னார்: ஒரு நர்ஸ் புதியவர் நிலையிலிருந்து நிபுணர் நிலைவரை ஐந்து படிகளில் வளர்கிறார், அனுபவசாலியும் தெரியாத துறைக்குள் நுழைந்தால் மறுபடி புதியவர்தான். இது தலைக்குப் புரிவது எளிது. நம் வயதில் பாதி இருக்கும் ஸ்டாஃப் நர்ஸ் "அப்படிப் பிடிக்காதீங்க, தள்ளுங்க" என்று நோயாளி முன்னால் சொல்லும்போது முகம் சிவக்கத்தான் செய்யும். "சரிங்க சிஸ்டர், இன்னொரு தடவை காட்டுங்க" என்ற வாக்கியத்தை வாய்க்குப் பழக்கி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது வர நான்கு மாதம் ஆனது.

வயது நமக்குக் கொடுக்கும் வசதி ஒன்று உண்டு: நோயாளிகள் நம்மிடம் சுலபமாகப் பேசுவார்கள். ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. இரண்டாவது போஸ்டிங்கில் ஒரு அம்மா, மறுநாள் ஆபரேஷன், பயந்து அழுதார். "ஒண்ணும் ஆகாதும்மா, நான் சொல்றேன் பாருங்க" என்று தோளைத் தட்டினேன். வீட்டில் அப்படித்தானே சொல்வோம். சிஸ்டர் என்னை ஓரமாக அழைத்துப் போய், "ஒண்ணும் ஆகாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். பிறகு அவரே போய் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "எதை நெனச்சா ரொம்ப பயமா இருக்கு?" என்று கேட்டார். மயக்க மருந்து கொடுத்தபின் முழிப்பு வராமல் போய்விடுமோ என்று அந்த அம்மா பயந்திருக்கிறார். அன்று சாயங்காலமே மயக்க மருந்து டாக்டர் வந்து பேசினார். என் ஆறுதல் அந்தக் கேள்வியை மூடியிருக்கும்.

வகுப்புப் பிள்ளைகள் "அக்கா" என்று ஒட்டிக்கொள்வார்கள். அன்பாக இருங்கள், அம்மாவாகிவிடாதீர்கள். குழு வேலை முழுவதையும் உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள், நீங்களும் பழக்க தோஷத்தில் செய்துவிடுவீர்கள்.

படி 10: கடைசி மாதம்

நேர்முகத் தேர்வில் "இந்த வயதில் ஏன்" என்று கேட்பார்கள். உருக்கமான பதில் வேண்டாம். முதியோர் இல்லத்தில் பார்த்த ஒரு காட்சியைச் சொல்லுங்கள், பிறகு உங்கள் மூன்று தாள்களைப் பற்றிச் சொல்லுங்கள். போஸ்டிங் வாரங்களுக்கு வீட்டில் என்ன ஏற்பாடு என்று தெளிவாகச் சொல்பவரை மறுப்பது கடினம்.

போஸ்டிங் நடக்கும் மருத்துவமனைக்கு ஒரு நாள் காலை ஷிஃப்ட் நேரத்திலேயே போய்வந்து பாருங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது, எந்த வாசல் அந்த நேரத்தில் திறந்திருக்கும் என்று தெரியும்.

பையில் வைக்க வேண்டியவை குறைவு. விநாடி முள் உள்ள, சட்டையில் குத்திக்கொள்ளும் கடிகாரம். கறுப்புப் பேனா மூன்று. இரண்டை யாராவது இரவல் வாங்கித் திருப்பித் தரமாட்டார்கள். சட்டைப்பையில் அடங்கும் நோட்டு. அதில் நோயாளியின் பெயர் எழுதக் கூடாது. தண்ணீர் பாட்டில், மாற்று சாக்ஸ், படிக்கும் கண்ணாடி.

ஷூவை மட்டும் கடைசி வாரத்துக்கு ஒத்திப்போடாதீர்கள். சாயங்காலத்தில் போய் வாங்குங்கள், பகல் முழுக்க நடந்தபின் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுதான் வார்டில் எட்டாவது மணி நேரத்தின் அளவு. முன்பக்கம் மூடியது, வழுக்காத அடி, துடைத்தால் சுத்தமாகும் மேல்பக்கம். வாங்கியதும் வீட்டுக்குள்ளேயே தினம் ஒரு மணி நேரம், இரண்டு வாரம் போட்டு நடங்கள். நான் புது ஷூவோடு முதல் நாள் போனேன். மதியத்துக்குள் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். கட்டுப் போடும் டிராலியிலிருந்து எனக்கு முதல் பிளாஸ்டர் ஒட்டிவிட்டது அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்தான்.